மண்டபம் கட்டலாமா, வேண்டாமா?

மலேசியாவில் நம் ஊரில் ஒரு சங்கமோ ஆலய நிர்வாகமோ மண்டபம் கட்டப்போகிறது என்றால் முதலில் வெளியே வருவது படம். மூன்று மாடி, கண்ணாடி முகப்பு, வாசலில் நாலு தென்னைமரம், பக்கத்தில் பளபளவென்று இரண்டு கார். அதைப் பேனராக அடித்து, தலைவர் முகம் ஒரு பக்கம், சிறப்பு வருகையாளர் முகம் மறுபக்கம் போட்டு, நன்கொடை விருந்தும் நடந்து முடிந்துவிடும். நிலத்தின் கிரானில், அதாவது உரிமைப் பத்திரத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது எடுத்துப் பார்ப்பது அதற்கப்புறம்தான்.

சாத்தியக்கூறு ஆய்வு என்று ஒன்று இருப்பதே இந்த வரிசையை மாற்றிப்போடத்தான். இந்த இடத்தில், இந்தப் பணத்தில், இது நடக்காது என்றால் அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வது அதன் வேலை. பூமி பூசை போட்டு, பாதிப் பணம் வசூலான பிறகு செய்யும் ஆய்வுக்கு அந்தத் தைரியம் வராது, வந்தாலும் கேட்க ஆள் இருக்காது. மானியம் தருபவரிடம் காட்டுவதற்கு ஒரு கோப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

கோலாலம்பூரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தி ஆக்டர்ஸ் ஸ்டுடியோ நாடகக் குழுவினர் மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில் இருந்த பிளாசா புத்ராவில் அரங்கம் நடத்தினார்கள். நகரின் நட்டநடு, மஸ்ஜிட் ஜாமேக் ரயில் நிலையம் நடக்கிற தூரம், சுற்றிலும் பழைய கட்டடங்கள். வரைபடத்தில் பார்த்தால் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேர்கிற முனை அதே நடக்கிற தூரத்தில், அரங்கமோ தரைக்குக் கீழே. 2003 ஜூனில் வந்த திடீர் வெள்ளம் அரங்கத்தை மூழ்கடித்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 2005இல், அதே குழுவினர் முன்னின்று நடத்த, செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தைப் புதுப்பித்து கேஎல்பேக் என்ற நாடக, கலை அரங்கம் திறக்கப்பட்டது. நகர மையத்து வெள்ளத்துக்கென்றே 9.7 கிலோமீட்டர் நீளத்தில் ஸ்மார்ட் சுரங்கம் வந்தது 2007இல்.

அந்தக் குழுவைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. கலைக்கும் சமூகத்துக்கும் எப்போதுமே மிச்ச இடம்தான் கிடைக்கும். வியாபாரி வேண்டாம் என்று விட்ட நிலத்தடித் தளம், மின்சாரக் கம்பிக்குக் கீழே உள்ள துண்டு, ஆற்றோர ஒதுக்கு நிலம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டிய மூலை. சும்மா கொடுக்கிறார்களே என்று வாங்கிவிடுகிறோம். சும்மா கிடைக்கிற இடம் ஏன் சும்மா கிடைக்கிறது என்பதுதான் ஆய்வின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வெள்ளத்தைப் பற்றி வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடம் கேளுங்கள், அதோடு எதிர்க் காப்பிக்கடைக்காரரிடமும் கேளுங்கள். தண்ணீர் எந்தப் படி வரைக்கும் ஏறியது என்று அவர் கையை வைத்துக் காட்டுவார்.

சரி, நிலத்துக்கு வருவோம். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் அதிகாரபூர்வத் தேடல் செய்து தருவார்கள். ‘சாரியான் ரஸ்மி’ என்று கேட்டால் கவுண்டரில் உடனே புரியும். சில பக்கத் தாள்தான். பலரும் அதில் உரிமையாளர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது இன்னும் கீழே. ‘கத்தேகோரி’ என்ற இடத்தில் விவசாயமா, கட்டடமா, தொழில்துறையா என்று இருக்கும். ‘சியாராட் ஞாத்தா’ என்ற வரியில் அந்த நிலத்தில் எதைச் செய்யலாம் என்ற நிபந்தனை இருக்கும். குடியிருப்புக்கு மட்டும் என்று இருந்தால் அங்கே கல்யாண மண்டபம் கிடையாது. ‘செக்காத்தான் கெப்பென்திங்ஙான்’ என்று இன்னொரு வரி, மாநில அரசின் அனுமதி இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்பது போன்ற தடைகள் அதில் வரும். குத்தகை நிலமாக இருந்தால் எத்தனை வருடம் மிச்சம் என்பதும் அங்கேயே தெரியும். 99 வருடக் குத்தகையில் 30 வருடம்தான் பாக்கி என்றால், அதன்மேல் 50 வருடம் நிற்கிற கட்டடத்தை யாருக்காகக் கட்டுகிறோம்? நிபந்தனையை மாற்ற வழி உண்டு. தேசிய நிலச் சட்டத்தின் 124ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்கு மாநில அரசுக்குக் கூடுதல் பிரீமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டிவரும், காலமும் பிடிக்கும். நிலம் மாநில விவகாரம் என்பதால் பினாங்கில் ஒரு மாதிரி, கோலாலம்பூர் இருக்கும் கூட்டரசுப் பிரதேசத்தில் வேறு மாதிரி.

இதைவிடப் பெரிய சிக்கல் டிஓஎல். தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்பது சட்டப்படியே அந்தந்த ஆண்டு முடிவோடு காலாவதியாகிறது, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். முப்பது வருடமாகப் புதுப்பித்து வருகிறோம், நிலம் நம்முடையதுதான் என்ற நினைப்பு நம்மிடம் நிறையவே உண்டு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. எத்தனை தலைமுறை அங்கே இருந்தாலும், இருந்ததனால் மட்டும் நில உரிமை வந்துவிடாது. தோட்டத்தில் மேனேஜர் வாய்மொழியாகக் கொடுத்த இடத்தில் எழுந்த எத்தனையோ கோயில்களின் கதை இதுதான். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில் நூறாண்டு தாண்டிய தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் இருந்த நிலத்தை மாநகர் மன்றம் 2014இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2025இல் அது நாடே பேசும் விவகாரமாகி, கடைசியில் பக்கத்திலேயே வேறு மனைக்கு ஆலயம் இடம் மாறுவது என்று உடன்பாடு வந்தது. யார் செய்தது சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். கிரான் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச்சுவார்த்தையில் முதலில் உட்காருகிறார், மற்றவர்கள் கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் நிற்க முடிகிறது.

சொந்த நிலம் என்றாலும் யார் பெயரில் என்று பாருங்கள். சங்கங்கள் சட்டம் 1966இன்படி, பதிவு பெற்ற சங்கம் தன் பெயரிலேயோ அறங்காவலர் பெயரிலோ நிலம் வைத்துக்கொள்ளலாம். 1960களில் மூன்று பெரியவர்கள் பெயரில் எழுதி, மூவரும் காலமாகி, பிள்ளைகளில் ஒருவர் மெல்பர்னில் இருக்க, கையெழுத்துக்கு ஆள் தேடி அலைகிற சங்கங்கள் உண்டு. இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க வக்கீல் செலவு எவ்வளவு ஆகும், எத்தனை மாதம் ஆகும் என்பதும் ஆய்வில் வர வேண்டிய கணக்குதான். யாரும் சேர்ப்பதில்லை.

அடுத்தது திட்ட அனுமதி. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களைப் போலப் பினாங்குக்கு 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். கோலாலம்பூருக்கு 1982இல் வந்த தனிச் சட்டம். கோலாலம்பூரின் 2040ஆம் ஆண்டுக்கான உள்ளூர்த் திட்டம் 2025இல் அமலுக்கு வந்திருக்கிறது. உங்கள் மனை அதில் எந்த வண்ணத்தில் இருக்கிறது, எவ்வளவு அடர்த்திக்கு இடமிருக்கிறது என்று பார்க்காமல் படம் வரைவது வீண் செலவு. சில வகை விண்ணப்பங்களில் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு போகும், அவர்கள் ஆட்சேபிக்கலாம். அந்த அறிவிப்பு போவதற்கு முன்னால் நீங்களே ஒரு நாள் வீடு வீடாகப் போய்ப் பேசுவது நல்லது. உறுமி மேளமும் இரவு பதினோரு மணி ஸ்பீக்கரும் நமக்கு மங்கலம், அடுத்த வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. கடைவீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து நடன வகுப்போ வழிபாடோ நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். பயன்பாட்டு மாற்றம், தீயணைப்புத் துறை அனுமதி, இரண்டாவது படிக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. கோலாலம்பூரின் ஒரு பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பாறைக்குள் குகைகளும் பொந்துகளும் உண்டு. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையே முதலில் குறித்த இடத்திலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளித்தான் கட்டினார்கள், காரணம் இந்தப் பாறைதான். 2024 ஆகஸ்டில் மஸ்ஜிட் இந்தியா நடைபாதை உள்வாங்கி ஒரு சுற்றுப்பயணி காணாமல் போன சம்பவத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் காரணம் பற்றிப் பல கருத்துகள் வந்தன, ஆனால் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்வி அதற்கப்புறம் சாதாரண மக்கள் வாயிலும் வந்துவிட்டது. துளையிட்டு மண் பரிசோதிக்கும் செலவு, அடித்தளச் செலவோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்!

பினாங்கு வேறு கணக்கு. ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர், அதைச் சுற்றி இன்னொரு 150 ஹெக்டர் காப்புப் பகுதி. லிட்டில் இந்தியாவும், 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயமும் மையப் பகுதிக்குள்தான். அங்கே ஒரு பழைய கடைவீட்டைப் பண்பாட்டு மையமாக்க நினைத்தால் 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டத்தைப் படிக்காமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. புதுக் கட்டடத்துக்கு 18 மீட்டர் உயர வரம்பு. பழைய சுவருக்கு சிமெண்ட் பூசினால் செங்கல்லில் ஏறுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவர் உரியும். சுண்ணாம்புச் சாந்துதான் போட வேண்டும், அதற்குத் தெரிந்த கொத்தனார் குறைவு, கூலி அதிகம். சதுர அடிக்கு இவ்வளவு என்று புதுக் கட்டடத்துக்குப் போடும் மதிப்பீடு இங்கே செல்லாது. பாரம்பரிய இடத்தில் சாயம் அடிக்கக்கூட முன் அனுமதி வேண்டும் என்பதை, முன் அனுமதி இல்லாமல் வண்ணம் அடித்து சர்ச்சையான சிலாங்கூர் பத்துமலையின் 272 படிகளும் 2018இல் நமக்குக் காட்டின.

அதோடு பினாங்கில் நான் கவனிக்கச் சொல்வது ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் ஜார்ஜ் டவுன் பழைய தெருக்களில் வாடகை ஏறியது, பல தலைமுறையாக இருந்த குடும்பங்கள் கிளம்பின. கடை இருக்கிறது, கோயில் இருக்கிறது, மேல்மாடியில் குடியிருந்தவர்கள் இல்லை. பிள்ளைகள் பட்டர்வொர்த், பிறை என்று போய்விட்ட பிறகு, செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு வயலின் வகுப்புக்குப் பாலம் தாண்டி யார் வருவார்கள்? திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தை வைத்து வாரநாள் மையத்தைத் திட்டமிடுவது அடிக்கடி நடக்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் நிற்கிற சனத்தைப் பார்த்துவிட்டு, நமக்கு ஆயிரம் பேர் மண்டபம் வேண்டும் என்று முடிவு கட்டக் கூடாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் இதே கதைதான். 2010இல் லிட்டில் இந்தியா என்று அலங்காரம் செய்து திறந்தார்கள், கூட்டம் வருகிறது, ஆனால் வருகிறவர்களில் நிறையப் பேர் பூச்சோங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் கார் எடுத்து வருகிறவர்கள். மண்டபத்துக்கு பார்க்கிங் இல்லையென்றால் அவர்களுக்கு மொய்யோடு ஒரு சமனும் (போக்குவரத்து அபராதச் சீட்டும்) சேர்ந்துவிடும்.

இனி ஓட்டுச் செலவு, அதாவது கட்டடத்தை நடத்துகிற செலவு. இங்கேதான் நம் திட்டங்கள் படுத்துக்கொள்கின்றன, அதனால் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம்.

ஒரு மண்டபம் என்று வைத்துக்கொள்வோம், 400 பேர் உட்காரலாம், ஒரு நாள் வாடகை 2,500 வெள்ளி (ரிங்கிட்). வருடத்தில் சனி, ஞாயிறு சேர்த்து 104 நாள். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, பதினெட்டு நாள் அங்கேயே போய்விட்டது. மிச்சம் 86. முகூர்த்த நாளில் நாலு பேர் சண்டை போட்டுக் கேட்பார்கள், மற்ற வாரம் ஈயாடும், ஆக பாதி நாள் போனால் பெரிய விஷயம், 43 நாள். வருமானம் 107,500 வெள்ளி. பேனரில் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். இப்போது எதிர்ப்பக்கம். இரண்டு ஊழியர், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றாலே வருடத்துக்கு 40,800, அதற்குமேல் ஈபிஎஃப் என்ற சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி. ஏர்கண்டிஷன் உள்ள மண்டபத்துக்கு மாதம் 4,000 வெள்ளி மின்கட்டணம் என்று வைத்தால் 48,000. மிஞ்சுவது 18,700. அதில் தண்ணீர், மதிப்பீட்டு வரி, நிலவரி, காப்புறுதி, மின்தூக்கிப் பராமரிப்பு, சுத்தம் செய்யும் ஒப்பந்தம், சாயம். ஒரு வருடம் கம்ப்ரஸர் போனால் கணக்கு முடிந்தது. உறுப்பினர்களுக்குப் பாதி வாடகை என்று கமிட்டி கூட்டத்தில் தீர்மானம் போட்டீர்கள் என்றால் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். எண்கள் நான் எடுத்துக்காட்டுக்குப் போட்டவை, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், உருவம் பெரிதாக மாறாது.

வாரநாள்தான் ஒரு மண்டபத்தைப் பிழைக்க வைக்கும். வாரநாளில் ஆள் வர வேண்டுமென்றால் கட்டடம் வேறு மாதிரி இருக்க வேண்டும்: ஒரே ஒரு பெரிய கூடத்துக்குப் பதில் இரண்டு மூன்று சிறிய அறை, தனித்தனி சுவிட்ச், பரதநாட்டிய வகுப்புக்கு மரத்தளம். சிமெண்டுமேல் டைல்ஸ் போட்ட தரையில் தினமும் தட்டிக்கும்பிட்டு அடவு போடுகிற பிள்ளைகளின் முழங்கால் என்ன ஆகும் என்று எந்த நடன ஆசிரியையைக் கேட்டாலும் சொல்வார், ஆனால் கமிட்டியில் அவரை யாரும் உட்கார வைப்பதில்லை.

வார இறுதிக்கும் அப்படித்தான். நம் விருந்து பந்தி முறையில் நடக்கிறது. ஒரே பந்தியில் இருநூறு பேர் இலையை மடித்துவிட்டு ஒரே நேரத்தில் கை கழுவ எழுந்திருப்பார்கள். மண்டபத்தில் இரண்டு குழாய். சாம்பார் கையோடு பட்டுச்சேலைக்காரர்கள் வரிசையில் நிற்க, அதே வழியில்தான் சமையல்காரர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வருவார். சமையல்கட்டு தனி வாசலில் லோரி நிற்கிற பக்கம் இருக்க வேண்டும், கால்வாய்க்கு எண்ணெய் போகாமல் தடுக்கிற தொட்டி வேண்டும், காலணி கழற்றி வைக்க மழை படாத இடம் வேண்டும், பாட்டிகள் ஏறுவதற்குச் சாய்தளம் வேண்டும். சாய்தளம் சும்மா உபசாரத்துக்கு இல்லை, கட்டட விதிகளில் 34ஏ பிரிவே உடற்குறையுள்ளவர்களுக்கு வழி வைக்கச் சொல்கிறது. இதெல்லாம் கட்டி முடித்த பிறகு சேர்த்தால் இரண்டு மடங்கு செலவு. ஏற்கனவே உள்ள ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்து யார் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தால், அது நல்ல ஆய்வின் பாதி.

பண்பாட்டு இடம் தன் காலில் தானே நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல நேரம் நிற்காது. யார் தாங்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். டான்ஸ்ரீ சோமா அரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கோலாலம்பூரில் தமிழ் நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கு அது வீடு மாதிரி. அது இருப்பது விஸ்மா துன் சம்பந்தனில், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடத்தில். 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கி, தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து போட்ட பங்குப் பணத்தில் வளர்ந்த சங்கம். பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது, அரங்கம் அதன் மடியில் இருக்கிறது.

மடி இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தைப் பார்க்கலாம். நூறாண்டு தாண்டிய கட்டடம். 2014இல் அதை அப்படியே வைத்துக்கொண்டு, வளாகத்திலேயே அடுக்குமாடி கட்டும் திட்டம் வெளியே வந்ததும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் உண்டு, அந்த முகப்புக்குப் பின்னால் ஒரு கோபுரக் குடியிருப்பைக் கற்பனை செய்யவே முடியவில்லை. ஆனால் பழைய கட்டடத்தைக் காப்பாற்று என்று சொன்ன நாம் அதன் கூரைக்கு யார் பணம் கொடுப்பது என்று அதே மூச்சில் பேசவில்லை. வருமானத்துக்கு வேறு வழிகளை அலசி மேசைமேல் வைக்கிற ஆய்வு ஒன்று பொதுவில் இருந்திருந்தால் வாதம் வேறு தரத்தில் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிதாகக் கட்டுவது ஒன்றே வழி என்பதும் இல்லை. பினாங்கில் ஹின் பஸ் டிப்போ 1940களின் பேருந்துப் பணிமனை, வெறுமனே கிடந்தது. 2014இல் ஒரு கண்காட்சியோடு தொடங்கி கலை மையமாகிவிட்டது. முதலில் ஆட்கள் வருகிறார்களா என்று பார்த்தார்கள், கூரையும் சுவரும் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறம். சென்ட்ரல் மார்க்கெட்டும் 1980களில் இடிபடாமல் தப்பிய மீன், காய்கறிச் சந்தைதான்.

உங்கள் கமிட்டி இப்போது படம் வரையும் கட்டத்தில் இருந்தால் கட்டடக்கலைஞருக்கான முன்பணத்தை நிறுத்தி வையுங்கள். முதலில் தேடல் தாள், வக்கீல், பதிவு பெற்ற நகரத் திட்டமிடுநர் ஒருவரின் எழுத்துமூலக் கருத்து, மண் பரிசோதனை, பத்து வருட ஓட்டுச் செலவுக் கணக்கு. மானியங்கள் பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான் கிடைக்கும் என்பதால் இந்தச் செலவு சங்கத்தின் சொந்தப் பணத்திலிருந்து போக வேண்டியிருக்கும், பொதுக்கூட்டத்தில் முணுமுணுப்பு வரும். கூடவே, கட்டாமல் இருந்தால் என்ன என்ற கணக்கையும் போடச் சொல்லுங்கள்: பக்கத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தை வார இறுதியில் வாடகைக்குக் கேட்டு, தலைமையாசிரியரிடமும் பள்ளி வாரியத்திடமும் பேசி, இரண்டு வருடம் அங்கேயே வகுப்பும் விழாவும் நடத்தினால் எத்தனை பேர் வருகிறார்கள், எந்தக் கிழமை வருகிறார்கள், எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பது கையில் கிடைத்துவிடும், அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அப்புறம் நிலம் தேடலாம்.